ரங்கூனில் தேடிய கடைசிப் பக்கம்

ஒரு கதையின் கடைசிப் பக்கத்தைத் தேடி நான் ரங்கூனுக்குப் போனேன். அந்த ஊருக்கு இப்போது யாங்கோன் என்று பெயர். திருச்சியில் எங்கள் தெருவில் கீரை விற்கிறவர் உட்பட எல்லோரும் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்கிறார்கள். "இப்பப் போயி அங்க எதுக்கும்மா போறீங்க?" என்றும் எல்லோரும் கேட்டார்கள். கதைக்கு முடிவு இல்லை, எடுத்துவரப் போகிறேன் என்றேன். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

என் பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் உள்ள ஒரு தோல் கம்பெனிக்காகப் பதினோரு வருஷம் சீனாவில், குவாங்சௌவில் இருந்தேன். செருப்பு பேரம் பேசுவதற்காகச் சீனம் படித்தேன். பேரம் நின்றுபோனது, மொழி மட்டும் மிஞ்சியது. இப்போது பழைய சீனக் கதைகளைத் தமிழில் பெயர்க்கிறேன். யார் எழுதியது என்று தெரியாத, பூச்சி அரித்த கதைகள்தான் என் பங்குக்கு வரும். நல்லவற்றை எனக்கு முன்னாலேயே யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இந்தக் கதையில் ஓர் உப்புக் கிடங்குக் குமாஸ்தா வருகிறான். ஆற்றுக்கு அக்கரையில் தறி போடும் ஒருத்தி மேல் பைத்தியமாகிறான். சோறு இறங்கவில்லை. ஆசையை அடியோடு வெட்டி எறிந்துவிடுவது என்று மலைமேல் இருக்கும் மடத்துக்குப் போய், மொட்டை அடியுங்கள் என்று உட்கார்ந்துவிடுகிறான். அங்கே ஒரு கிழத் துறவி. "துறப்பதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது? அவளோடு ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை நீ. கீழே போய் வாழ்ந்துவிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார். அவனும் போகிறான். கல்யாணம், முப்பது வருஷக் குடித்தனம். ஒரு விடியற்காலையில், திரும்பி வருகிறேன் என்று சொன்னது ஞாபகம் வருகிறது. எழுந்திருக்கிறான். மனைவி தூங்குகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறான்.

அதோடு சரி. என்னிடம் இருந்த பிரதியில் அடுத்த தாள் இல்லை. "கை வச்சான், அப்புறம்?" என்று பதிப்பாளர் போனில் கேட்டார். தெரியாது என்றேன். "தமிழ் வாசகன் அடிக்க வந்துடுவான் மேடம்" என்றார்.

பழைய சீனக் கதைக்காரர்களோடு எனக்கு இது ஒரு பழைய தகராறு. பௌத்தம் அங்கே போவதற்கு முன்னால், ஆண் பெண் ஆசை என்பது அவர்களுக்கு ஒழுங்காக அடுக்கிவைக்க வேண்டிய வீட்டுச் சாமான். இன்ன வயசில் கல்யாணம், இன்ன அளவில் பிரியம், மிச்சத்தை மூடி வை. நம் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன துறவிகள்தான், ஆசை என்பது கட்டு, கனவு, தீ என்றெல்லாம் அங்கே போய்ச் சொன்னது. கதைக்காரர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். ஆஹா, கனவும் தீயும் கதைக்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போதே அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எண்பது பக்கம் கட்டிப்பிடித்து அழவைத்துவிட்டு, கடைசி இரண்டு பக்கத்தில் மணியை அடித்து எல்லாம் மாயை என்று முடித்தார்கள். நாளையிலிருந்து சர்க்கரையை விடப்போகிறேன் என்று சொல்லி இன்று இரண்டு ஜாங்கிரி சாப்பிடும் என் பெரியப்பா மாதிரி. பின்னால் வந்த சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முழுக்க ஆசைப்பட்டவனால்தான் முழுக்க விடமுடியும், ஆகவே ஆசைதான் ஏணி என்றார்கள். எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அந்த ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

குவாங்சௌவில் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் சித்தப்பா யாங்கோனில் இருந்தார். ஊ தெய்ன் லின் என்று பர்மியப் பெயர், ஆள் சீனர். அவருடைய தாத்தா கைப்பட எழுதிய பிரதி ஒன்று அவரிடம் இருக்கிறது, இந்தக் கதையும் அதில் உண்டு என்று தெரிந்தது. மூன்று வாரமாக அவர் கடைக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. புத்தி உள்ளவர்கள் அதோடு விட்டிருப்பார்கள்.

முதல் நாள் மழை. பர்மாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் என்பதால் ஸ்டீயரிங்கும் வலது பக்கமே இருக்கிறது. ஆகவே முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். பக்கத்தில் இருந்தது நான். பர்மிய மொழியில் எனக்கு அப்போது தெரிந்த ஒரே சொல் வணக்கம். லாரி வந்தபோதெல்லாம் அதைச் சொன்னேன், அவர் புரிந்துகொண்டார்.

கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஓட்டல். மின்சாரம் வரும் நேரத்தை எழுதி லிஃப்ட் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். நாட்டு நடப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பையை வைத்துவிட்டு ஊ தெய்ன் லின்னின் கடையைத் தேடிப் போனேன். கீல், கொக்கி, தாழ்ப்பாள் விற்கும் கடை. மூடியிருந்தது. பக்கத்துக் குடைக் கடையில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் கேட்டார்.

"ஊருலேருந்து வாரீங்களாம்மா? எந்த ஊரு?"

காதர் பாய். நாலு தலைமுறைக்கு முன் கீழக்கரையிலிருந்து வந்த குடும்பம். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, பாலும் சர்க்கரையும் கெட்டியாகக் கலந்த டீயும் சமூசாவும் வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு பொங்கியாப் போயிட்டாரேம்மா! மொட்டை அடிச்சு, காவி உடுத்தி, தின்கன்ஜூன்ல மடத்துல இருக்காரு. ஒன்பது நாளுன்னு சொல்லிட்டுப் போனவரு இன்னும் கடை திறக்கலை."

பர்மாவில் துறவி ஆவது நம் ஊரில் சபரிமலைக்கு மாலை போடுவது போல. ஆண்பிள்ளை என்றால் ஒரு வாரம், பத்து நாள் போய் இருந்துவிட்டு வருவான், எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். காதல் கதைக்கு முடிவு தெரிந்த ஒரே மனிதர், நான் வரும் சமயம் பார்த்துத் துறவியாகி உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு சமூசா சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, சூலே பக்கத்தில் நின்று பஸ் ஏறச் சொல்லியிருந்தார் பாய். "தின்கன்ஜூன்னு சொன்னாப் போதும், ஏத்திக்கிருவான்." நின்றேன், ஒரு பஸ் வந்தது, சொன்னேன், ஏற்றிக்கொண்டார்கள். உள்ளே முழுக்க இளம்பெண்கள். கன்னத்தில் சந்தனம் போல தனக்கா பூச்சு, மடியில் டிபன் கேரியர். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஊறவைத்த தேயிலையோடு கடலை, பூண்டு கலந்த ஒன்றை நீட்டினார்கள். தேயிலையைத் தின்னும் ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தின்ன ஆரம்பித்தால் நிறுத்தவும் முடியவில்லை. ஒரு பெரிய ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோதுதான், கிழக்கே போகவேண்டிய நான் மேற்கே போகிறேன் என்று தோன்றியது.

பக்கத்தில் இருந்த பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அத்தே, இது பஸ் இல்லை. பேக்டரி பஸ். லைங் தாயா போவும்."

"இதை நீ சூலேயிலேயே சொல்லியிருக்கலாமே!"

"தமிழ் பேச வெக்கம்" என்றாள். நீலா என்று பெயர். வீட்டில் அப்பா அம்மா பேசினால் புரியும், பதில் பர்மிய மொழியில்தான் சொல்வாளாம். சட்டைக்குக் காலர் தைக்கும் வேலை. வெட்கத்தைப் போக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது, அதற்குள் நான் ஊரைத் தாண்டிவிட்டேன். எங்கே போகிறேன் என்று கேட்டாள். மிச்ச தூரத்துக்குக் கதையைச் சொன்னேன். அவள் மற்றவர்களுக்குப் பர்மிய மொழியில் சொல்ல, மொத்தப் பஸ்ஸும் கேட்டது. முடிவில் பின்சீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அந்தத் தறி போடுறவ பேரு என்னன்னு கேக்குறாங்க."

கதையில் அவளுக்குப் பெயர் இல்லை. பத்து மாதமாக அந்தக் கதையோடு மல்லுக்கட்டுகிறேன், அதை நான் கவனித்ததே இல்லை.

தொழிற்சாலை வாசலில் இறங்கி, எனக்குச் சரியான பஸ்ஸைக் காட்டிவிட்டு நீலா உள்ளே ஓடினாள். தின்கன்ஜூன் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. துறவிகள் மதியத்துக்குமேல் சாப்பிடக்கூடாது. ஆகவே மடத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து அமைதியாக இருந்தார்கள், நான்தான் பசியோடு இருந்தேன்.

ஊ தெய்ன் லின்னை ஒரு நீளமான கூடத்தில் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது, புதிதாகச் சிரைத்த தலையில் ஒரு வெட்டுக்காயம். பெண்ணோடு தனியாகப் பேசக்கூடாது என்பதால் மடத்துப் பணியாள் ஒருவர் நடுவில் வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சீனம் தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார். நான் சீனத்தில் விஷயத்தைச் சொன்னேன். துறவி என் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"தின்கன்ஜூனில் அப்படி ஒருவர் இருந்தார். அவருடைய புத்தகங்கள் அவர் மனைவியிடம் இருக்கின்றன."

"நீங்கள்தானே அவர்?"

"இருபத்து நாலு நாளாக இல்லை."

முடிவை வாய்மொழியாகவாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஆண் பெண் கதை பேசுவது விதிக்குப் புறம்பு என்றார். அந்தக் கதையே துறவியைப் பற்றியதுதானே என்றேன். "கடைசிப் பக்கத்தில்தான் துறவி. மற்றதெல்லாம் குடித்தனம்" என்று எழுந்துவிட்டார்.

வீடு மடத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி இருந்தது. கதவைத் திறந்தவரிடம் நான் திக்கித் திணறிப் பர்மிய வணக்கம் சொன்னேன். "உள்ள வாங்க தங்கச்சி. காதர் பாய் போன் பண்ணிட்டாரு, காலையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க போயிட்டீக?" என்றார். கமலாக்கா. ஐம்பத்தொன்பது வயது, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டனார் ரயில்வே வேலைக்கு ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறியவர். வெளியில் எல்லோரும் சயாமா என்று கூப்பிட்டார்கள், டீச்சரம்மா என்று அர்த்தம். ஒரே மகன் சிங்கப்பூரில். பழைய தமிழ்ப் பெண்களைப் போல அவர் கணவர் பெயரைச் சொல்வதில்லை. "அவுக" என்றுதான் சொல்வார். அவர் சீனர் என்பதால் அதில் எந்த மாற்றமும் இல்லை.

சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "ஒம்பது நாள்னு சொல்லித்தான் கேட்டாக. பொண்டாட்டி சம்மதிக்காம மொட்டை போட மாட்டாங்க. போயிட்டு வாங்கன்னு தலையாட்டுனேன். இப்பச் சாகுற மட்டும் அங்கயே இருக்கேன்னு சொல்லி அனுப்புறாக தங்கச்சி."

பௌர்ணமிக்கு மறுநாள் துறவிகளின் மழைக்கால விரதம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் மூன்று மாதம் மடத்தை விட்டு நகரக்கூடாது. ஒன்பது நாளைக்கு வாங்கிய சம்மதம் ஆயுசுக்குச் செல்லாது என்று அந்த மடத்துப் பெரிய சாமியார் கறாராகச் சொல்லிவிட்டாராம். பௌர்ணமிக்கு முதல் நாள் மதியம் கமலாக்கா போய் அவர் முன்னால் வாயைத் திறந்து, சரி அல்லது முடியாது என்று சொல்லவேண்டும். இன்னும் மூன்று நாள் இருந்தது.

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியலையே. முடியாதுன்னு சொன்னா வந்துருவாக. மனசு அங்க இருந்து உடம்பு மட்டும் இங்க வந்து என்ன செய்ய? என்னைய விட்டுப் போயிட்டாகளா இல்லையான்னுதான் எனக்குத் தெரியணும். மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

மூஞ்சியை அவர் தினமும் பார்த்தார். அதை மூன்றாம் நாள் விடியற்காலையில் நானும் பார்த்தேன். ஓட்டலைக் காலிசெய்யச் சொல்லி என்னை வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். ஐந்தரை மணிக்கு சந்து முனையில் மணி அடித்தது. பதினோரு துறவிகள் வெறுங்காலோடு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பிச்சைப் பாத்திரத்தோடு வரிசையாக வந்தார்கள். வயசைப் பார்த்து வரிசை இல்லை, எப்போது காவி கட்டினார்கள் என்பதைப் பார்த்து. ஆகவே இருபது வயசுக்காரர்களுக்கெல்லாம் பின்னால், கடைசியாக ஊ தெய்ன் லின் வந்தார். கமலாக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பாத்திரத்திலும் சோறு வைத்தார். கடைசிப் பாத்திரத்தில் சோற்றோடு ஒரு கறியும் வைத்து, முப்பத்துமூன்று வருஷம் குடித்தனம் நடத்திய மனிதரைக் கீழே விழுந்து கும்பிட்டார். அவர் தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போனார்.

"பாவக்கா" என்றார் அக்கா, எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே. "ஆறு நாளாப் பாவக்காதான் வைக்கிறேன். வீட்டுல ஒரு துண்டு கிடந்தாலும் தட்டைத் தள்ளிருவாக. போட்டதைத் தின்னணும்ல அங்க? திங்கிறாகளாம். முகம் சுளிக்காமத் திங்கிறாகளாம்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒம்பது நாள் கழிஞ்சும் வரலைன்னதும், ஒரு பத்து நாள் அவுகளுக்குப் புடிச்ச கூனிக் கருவாட்டுப் பொரியல். அதையும் அப்பிடியேதான் தின்னுருக்காக. பாவி மனுசன்! ஒண்ணு, நல்லா இருக்குன்னாவது சொல்லணும், இல்ல, வாயில வைக்க வெளங்கலைன்னாவது சொல்லணும்."

கண்ணாடி அலமாரியில் அந்தப் பிரதி இருந்தது, சாவி அக்காவின் இடுப்பில். கேட்டேன். தருகிறேன், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று முழுக்கத் தமிழில் சொல்லவேண்டும் என்றார். "போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் இதையேதான் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. இந்தப் பொஸ்தகம்தான் அவுகளை இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

அன்று மத்தியானம் மின்சாரம் போயிருந்தது. சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அக்கா எனக்கும் சேர்த்து விசிறிக்கொண்டு கேட்டார். குமாஸ்தா தறிக்காரியைப் பார்த்ததும் சிரித்தார். கிழத் துறவி அவனைத் திருப்பி அனுப்பியதும், "நல்ல மனுசன்" என்றார். தாழ்ப்பாளில் கை வைக்கும் இடம் வந்தது. தாளைத் திருப்பினேன். கடைசிப் பக்கம் இருந்தது!

அவன் தாழ்ப்பாளை விலக்கினான். தூங்குகிறவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காததால் வெயில் வருவதற்குள் மலையை அடைந்துவிட்டான். கிழத் துறவி வாசலிலேயே நின்றார். "கொண்டுவந்தாயா?" என்றார். "எல்லாவற்றையும்" என்று சொல்லி வெறும் கையை விரித்துக் காட்டினான். மணி அடித்தது. அவ்வளவுதான் முடிவு.

நல்ல முடிவு. இந்தக் கதைக்காரர்கள் எல்லோரும் போய்ச் சேர நினைத்த இடம். இந்தப் பக்கத்தில் மட்டும் நடை கொஞ்சம் எளிமையாகவும், கையெழுத்து கொஞ்சம் மாறியும் இருந்தன. தாத்தாவுக்குக் கை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் சந்தோஷத்தில் இருந்தேன், அதனால் விசிறி நின்றுபோனதைக் கவனிக்கவில்லை.

"திரும்பியே பாக்கலையா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"முப்பது வருசம் கூட இருந்தவளை?"

"இல்லக்கா."

"அவ எந்திரிச்சு என்ன செஞ்சான்னு போட்டிருக்கா?"

போடவில்லை. வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். ஒரு வரியை மாற்றி, வாசலில் ஒரு நிமிஷம் நின்றான் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மொழிபெயர்ப்பவருக்கு நேர்மை என்று ஒன்று உண்டு, அது யாருக்கும் உதவியதாக எனக்குத் தெரியவில்லை. இருப்பதைத்தான் சொன்னேன். அக்கா பிரதியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பெரியவங்க அந்தக் காலத்துலேயே எழுதி வச்சிருக்காங்க. புத்தரும் அப்பிடித்தானே போனாரு, பொண்டாட்டி புள்ள தூங்கையில. நான் யாரு மறிக்க? சரின்னு சொல்லிர்றேன்" என்றார்.

நாலாம் நாள் முழுக்க மழை. வேறு பிரதிகளிலும் இதே முடிவுதான் இருக்கும் என்று சொல்லமுடியாது என்றெல்லாம் அக்காவிடம் பேசிப்பார்த்தேன். அவர் மடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையை, மின்சாரம் இருந்த இரண்டு மணி நேரத்தில் இஸ்திரி போட்டார். மொகிங்கா வாங்கித் தந்தார். மீன் குழம்பில் சேமியா போட்ட மாதிரி இருக்கும், அருமையான சாப்பாடு. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன், அவர் தொடவில்லை. நாம் வந்து ஒரு வீட்டைக் கெடுத்துவிட்டோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் விடிந்தபோது அடுப்பு எரியவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் அக்கா வெறும் கையோடு வாசலில் போய் நின்றார். அந்த ஊரில் கொடுக்க ஒன்றும் இல்லையென்றால், கையைக் கூப்பி "கடோ சூன் பா பயா" என்று சொல்லவேண்டும். இன்று சோறு இல்லை, கும்பிடு மட்டும்தான் சாமி என்று அர்த்தம். சொன்னால் துறவி நிற்காமல் போய்விடுவார். முதல் ஆள் வந்தார், அக்கா சொன்னார், அவர் போனார். இப்படிப் பத்துப் பேர் போனார்கள். கடைசியாக வந்தவருக்கும் அக்கா குரல் மாறாமல் அதையே சொன்னார்.

அவர் போகவில்லை.

அக்கா மறுபடி சொன்னார். அவர் நின்றார். முன்னால் போன பத்துப் பேரும் ஒவ்வொருவராக நின்றார்கள். தலையிலிருந்து மழைத்தண்ணீர் வழிய, ஊ தெய்ன் லின் முகத்தை நிமிர்த்தி மனைவியை நேராகப் பார்த்தார். இருபத்தேழு நாளில் முதல் தடவை.

"கமலா" என்றார் தமிழில். "காய்ச்சலா?"

எதிர்வீட்டு அம்மாள் சோற்றுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"காய்ச்சலும் இல்ல, மண்ணும் இல்ல" என்றார் அக்கா. "இன்னிக்கு மத்தியானம் ஒங்க பெரிய சாமிகிட்ட வந்து சரின்னு சொல்லப் போறேன். சொல்லிட்டா நீங்க எனக்கு ஆரோ. அதான் ஒலை வைக்கல."

"பின்னே... சோறு? நீ தின்னாச்சா?"

அவ்வளவுதான், அக்கா உடைந்துபோனார். "சொல்ல மாட்டேன்! எனக்குச் சம்மதம் இல்ல. ஒம்பது நாள்னு போனீக, இருபத்தேழு நாளாச்சு. நீங்க இல்லாம எனக்கு இந்த வீட்டுல இருக்க முடியலை. கும்பிட்டுக் கும்பிட்டு முட்டியும் போச்சு. எனக்கு நீங்க வேணும்" என்று நடுச்சந்தில் நின்று அழுதார். ஊ தெய்ன் லின் பாத்திரத்தின் மூடியை மெதுவாகப் போட்டார். வரிசையோடு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. கட்டம் போட்ட கைலி, யாருடையதோ ஒரு தொளதொளச் சட்டை, மொட்டைத் தலை. காவியைக் கழற்ற அங்கே பெரிய சடங்கு ஒன்றும் இல்லை, இன்னொரு துறவியிடம் சொன்னால் போதும். அக்கா வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. தட்டை வைத்து, அதற்குள் ஆக்கியிருந்த சோற்றைப் போட்டார். எனக்கும் போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். எனக்கு சாயங்காலம் விமானம். இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. ஆனாலும் கேட்டேன், சீனத்தில்.

"உங்கள் தாத்தா இதை எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினார்? என்னுடையதில் கடைசிப் பக்கம் இல்லை."

"தாத்தாவுடையதிலும் இல்லை" என்றார். "கரையான் தின்றுவிட்டது. நான்தான் எழுதிச் சேர்த்தேன், மடத்துக்குப் போவதற்கு முதல் நாள்."

நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கடல் கடந்து, தப்பான பஸ் ஏறி, நான் கண்டுபிடித்த பழஞ்சீன முடிவை எழுதியவர் ஒரு கீல், கொக்கி வியாபாரி.

"என்ன சொல்றாக?" என்றார் அக்கா. நேர்மை மறுபடியும் என் கழுத்தைப் பிடித்தது. சொன்னேன்.

அக்கா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எழுதுனதா? நான் ஏதோ புத்தர் காலத்து எழுத்துன்னு நெனச்சு ரெண்டு நாளாச் சோறு தண்ணி இல்லாமக் கெடக்கேன்! அப்ப, அடிச்சுட்டு வேற எழுதலாம்ல?"

அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு, அக்காவிடம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்தார். பிரதியைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தை விரித்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தமிழில் கேட்டார்.

"என்ன எழுத?"

அக்கா எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"அவ தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டு முழிச்சுத்தான் கெடந்தா. அதை எழுதுங்க."